படகை ராத்திரி எங்கே கட்டுவது? தெலுக் இந்தானில் ஐந்து நாள்

முதல் நாள்: தெலுக் இந்தான்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், பேராக் ஆற்றங்கரையில் இருக்கிற ஊர் இது. ஊரின் சாய்ந்த கோபுரத்திலிருந்து ஆற்றங்கரைக்கு நடந்தே வந்துவிடலாம், அவ்வளவு பக்கம். 1885-இல் தண்ணீர்த் தொட்டிக்காகவும் கடிகாரத்துக்காகவும் கட்டியது அது. 1982 வரை ஊருக்குத் தெலுக் அன்சன் என்று பெயர். தோட்டத்துப் பெரியவர்கள் வாயில் இன்றைக்கும் அன்சன்தான். 1893-இல் தாப்பா ரோட்டிலிருந்து இங்கே ரயில் வந்ததே இந்த ஆற்றுத் துறைக்காகத்தான். நோவா ஸ்கோஷியா, சப்ராங் மாதிரியான தோட்டங்கள் சூழ்ந்த ஊர். சரக்குக் கப்பல்கள் வந்து நின்ற கரை. ஆனால் தூண்டில் போடவோ சும்மா சுற்றிப் பார்க்கவோ சொந்தப் படகில் வருகிறவர், ஒரு ராத்திரி கட்டிவைக்க எண் போட்ட இடம், கட்டணப் பலகை, ரசீது என்று எதையும் எதிர்பார்த்து வரக்கூடாது.

இந்தக் குறிப்புகள் டிரெய்லரில் இழுத்து வந்த 17 அடி பைபர் படகு, 15 குதிரைத்திறன் எஞ்சின், இரண்டு பேர் என்ற கணக்குக்கு எழுதியவை. படகு பெரிதானால் கயிற்றின் தடிமனும் நங்கூரத்தின் எடையும் மாறும், மற்றதெல்லாம் அப்படியேதான்.

முதலில் சட்டம். 1920-ஆம் ஆண்டுத் தண்ணீர்ச் சட்டப்படி பேராக்கின் ஆறுகள் எல்லாம் மாநில ஆட்சியாளருக்கு உரியவை. கரையோரத் தோட்டமோ கிராமமோ ஆற்றுத் தண்ணீருக்கு வாடகை கேட்க முடியாது. ஜெட்டி, அதாவது படகு கட்டுகிற பலகை மேடை, வேறு விஷயம். அதற்கு ஆள் இருக்கும், போட்ட பலகைக்கும் நட்ட கம்பத்துக்கும் செலவு செய்தவர் இருப்பார். மீன்பிடி வாரியத்து ஜெட்டி என்றால் உரிமம் வாங்கிய மீன் படகுகளுக்குத்தான் முதலிடம். மீன் இறக்குகிற நேரத்தில் உல்லாசப் படகு அங்கே குறுக்கே நின்றால் திட்டு விழும், விழவும் வேண்டும்.

மரினா, அதாவது உல்லாசப் படகுகளுக்கென்றே கட்டிய துறை, அங்கே கணக்கு எளிது. லுமுட் பக்கமும் கிள்ளான் துறைமுகத்திலும் படகின் நீளத்தை அடியிலோ மீட்டரிலோ அளந்து, ஒரு நாள் விலையால் பெருக்கி, தண்ணீர், மின்சாரம் தனியாகச் சேர்ப்பார்கள். மாதக் கணக்கில் எடுத்தால் நாள் விலை குறையும். அந்த இடங்களெல்லாம் கடல்வாயை ஒட்டி இருக்கின்றன. தெலுக் இந்தானுக்கு மேலே கம்போங் காஜா, பாசிர் சாலாக், போத்தா என்று போகிறவருக்கு அந்த வசதி இல்லை. இங்கிலாந்துக் கால்வாய்களில் பொதுவாக ஒரே இடத்தில் 14 நாள் வரை படகைக் கட்டலாம் என்று 1995-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. அங்கே தண்ணீர் ஏறி இறங்காது, கரையில் இரும்பு வளையம் இருக்கும், கட்டிவிட்டுத் தூங்கலாம். பேராக் ஆறு ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்குகிறது. இங்கே ராத்திரி கட்டுவது முழுக்க அந்த ஏற்ற இறக்கத்தைச் சமாளிக்கிற வேலை.

ஆகவே ஜெட்டிக்காரரிடம் கொடுக்கிற காசு பெரும்பாலும் காவலுக்கான காசு. ஆற்றோர ஊர்களில் திருடு போவது படகு இல்லை, எஞ்சின். 15 குதிரைத்திறன் எஞ்சினை இரண்டு பேர் ஐந்து நிமிடத்தில் கழற்றித் தூக்கிவிடலாம். நாயும் விளக்கும் ராத்திரி தங்குகிற ஆளும் உள்ள ஜெட்டிக்கு 15 வெள்ளி (ரிங்கிட்) கேட்டால் பேரம் பேசாமல் கொடுங்கள். யாருமே இல்லாத ஜெட்டியில் இலவசமாகக் கட்டுவது எஞ்சினைப் பந்தயம் வைப்பது மாதிரி. இரண்டு பிடி திருகிலும் போடுகிற குழாய்ப்பூட்டு ஒன்று எப்படியும் வேண்டும். திருகு துருப்பிடித்து இறுகியிருக்கிறதே, யாரும் கழற்ற முடியாது என்று நம்பாதீர்கள். திருடர்கள் எஞ்சின் மாட்டியிருக்கும் பின்பலகையையே அறுத்துக்கொண்டு போவார்கள்.

கேட்கிற முறை முக்கியம். தண்ணீரில் இருந்தபடி கூவாமல் இறங்கிப் போய்க் கேளுங்கள். தமிழர் என்றால், “அண்ணே, இன்னைக்கு ராத்திரி ஒரு போட்டு கட்டிக்கலாமா? காலையில ஆறு மணிக்கெல்லாம் கிளம்பிடுவோம்.” மலாய்க்காரர் என்றால், “பாங், போலே தும்பாங் ஈக்காட் சத்து மாலாம்?” சீனத் தௌக்கேயிடமும் (முதலாளியிடமும்) இதே மலாய் செல்லும், அண்ணே என்கிற அந்த பாங் மட்டும் வேண்டாம். எத்தனை மணிக்கு விலகுவோம் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவருக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான், ஏனென்றால் அவருடைய மீன் படகு எப்போது திரும்பும் என்பது அவர் மனதில் ஓடிக்கொண்டிருக்கும். படகு இறக்கும் சரிவு, காடி (கார்) நிறுத்தம், ராத்திரிக் காவல் மூன்றும் சேர்த்து எவ்வளவு என்று ஒரே பேச்சில் முடித்துவிடுங்கள். தனித்தனியாகப் பேசினால் மூன்று தடவை காசு போகும்.

இனி கயிறு. ஜெட்டியில் கட்டுவதில் தவறு நடக்கும் இடம் இது. பாசாங்கில், அதாவது தண்ணீர் ஏறி நிற்கும்போது இறுக்கிக் கட்டிய படகு, சூருட்டில் தண்ணீர் இறங்கியதும் தூக்கில் தொங்கும். முனை மேலே தூக்கி, பின்பக்கம் அமிழ்ந்து, எஞ்சின் பக்கத்திலிருந்து தண்ணீர் உள்ளே வரும். அதற்குப் பயந்து நிறையத் தொய்வு விட்டால் அதைவிடக் கெடுதல்: இறங்கிய தண்ணீரில் படகின் முனை ஜெட்டிப் பலகைக்கு அடியில் நுழைந்துகொள்ளும். மறுபடி தண்ணீர் ஏறும்போது பலகை படகை மேலிருந்து அழுத்தும், படகு அங்கேயே நிரம்பி மூழ்கும். ராத்திரி இரண்டு மணிக்கு அதை வெளியே இழுக்க நான்கு பேர் இருந்தாலும் முடியாது.

இதற்கு மருந்து, நீளமான கயிறு. தண்ணீர் இரண்டரை மீட்டர் ஏறி இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். படகுக்கும் கம்பத்துக்கும் இடையே 2 மீட்டர் மட்டும் இருந்தால், அந்த ஏற்ற இறக்கத்துக்கு ஈடுகொடுக்க 1.2 மீட்டர் தொய்வு விட வேண்டும். அதே கயிற்றை 6 மீட்டர் தள்ளியுள்ள கம்பத்தில் கட்டினால் அரை மீட்டர் தொய்வு போதும். அதனால் முன்கயிற்றைப் படகுக்கு முன்னால் தூரத்துக் கம்பத்திலும், பின்கயிற்றைப் படகுக்குப் பின்னால் தூரத்துக் கம்பத்திலும் போடுங்கள். இன்னும் இரண்டு கயிறு குறுக்காக: முன்முனையிலிருந்து பின்னோக்கி ஒன்று, பின்முனையிலிருந்து முன்னோக்கி ஒன்று. படகை முன்னும் பின்னும் நகராமல் பிடிப்பவை இந்தக் குறுக்குக் கயிறுகள்தான், பலர் இவற்றைப் போடுவதே இல்லை. நான்கு கயிறு, ஒவ்வொன்றும் 10 மீட்டர், 12 மில்லிமீட்டர் நைலான்.

மீன்பிடிச் சாமான் கடையில் சுருள் சுருளாகத் தொங்கும் பச்சை, நீலக் கயிறு மலிவு, ஆனால் அது தண்ணீரில் மிதக்கும். மிதந்து வந்து எஞ்சின் விசிறியில் சுற்றிக்கொள்ளும், வெயிலில் ஒரு வருடத்தில் பொடிப்பொடியாக உதிரும். நைலான் மூழ்கும், இழுபட்டால் நீண்டு கொடுக்கும். கம்பத்தில் உரசும் இடத்தில் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயை ஒரு சாண் வெட்டி, கயிற்றை அதற்குள் நுழைத்துவிட்டால் காலையில் கயிறு முழுசாக இருக்கும்.

செலவு: சரிவும் காடியும் 10, காவல் 15. மொத்தம் 25 வெள்ளி.

இரண்டாம் நாள்: ஆற்று நடுவில்

இந்த ஆற்றில் ராத்திரி தங்குகிற உல்லாசப் படகுகளில் அநேகம் ஊடாங் காலாவுக்கு, அந்த நீலக்கால் ஆற்று இறாலுக்கு வருகிறவை. அவர்கள் ஜெட்டியைத் தேடுவதில்லை, நங்கூரம் போட்டு நடு ராத்திரி வரை உட்கார்ந்துவிடுவார்கள். கட்டணம் இல்லை. அதற்குப் பதிலாக விவரம் வேண்டும்.

நாள் பார்க்க வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாட்காட்டியே போதும். அமாவாசை, பௌர்ணமி தாண்டிய ஓரிரு நாளில் ஏற்ற இறக்கம் மிகப் பெரிது, ஓட்டமும் கடுமை. அஷ்டமி தாண்டிய ஓரிரு நாளில் மிகச் சிறிது. முதல் முறை ராத்திரி தங்குகிறவர்கள் அஷ்டமியைச் சுற்றி நாள் வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கணக்குக்கு லுமுட்டின் அட்டவணையை எடுக்கலாம், ஆனால் அது கடலோர நேரம். ஏற்றம் ஆற்றுக்குள் ஏறி வரத் தாமதமாகும், மேலே போகப் போக இன்னும் தாமதம். எவ்வளவு தாமதம் என்பதை முதல் நாளே ஜெட்டிக் கம்பத்தில் சாக்கட்டியால் கோடு போட்டு, மணி குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த நாள் அதே நிலை சுமார் 50 நிமிடம் பிந்தி வரும். ஆற்றில் ஏற்றம் குறுகிய நேரத்தில் விரைவாக முடியும், இறக்கம் நெடுநேரம் இழுக்கும். மேலே மழை பெய்திருந்தால் ஏற்றத்தின் ஓட்டமே தெரியாமல் போகலாம், தண்ணீர் மட்டும் உயரும்.

கயிற்றின் நீளத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சூருட்டில் வந்து ஆழம் பார்க்கிறார்கள், 3 மீட்டர். படகு முனையின் உயரம் அரை மீட்டர். மூன்றரையை ஐந்தால் பெருக்கி பதினேழரை மீட்டர் விட்டுவிட்டுத் தூங்குகிறார்கள். ராத்திரி தண்ணீர் 2 மீட்டர் ஏறுகிறது. இப்போது உயரம் ஐந்தரை. பதினேழரை மீட்டர் கயிறு ஆழத்துக்கு மூன்று மடங்குதான் வரும். கயிறு செங்குத்தாகி நங்கூரத்தை மேல்நோக்கிப் பிடுங்கும், படகு சத்தமில்லாமல் நகரும். நிற்கப்போகும் நேரத்தின் மிக உயர்ந்த தண்ணீரை வைத்துக் கணக்குப் போடுங்கள்: ஐந்தரை பெருக்கல் ஐந்து, ஏறத்தாழ 28 மீட்டர். காற்று வரும் போலிருந்தால் ஏழு மடங்கு.

நங்கூரத்துக்கும் கயிற்றுக்கும் இடையே 3 மீட்டர் சங்கிலி இருக்க வேண்டும். கீழ்ப் பேராக்கின் அடி பெரும்பாலும் சேறு. அதற்குத் தட்டையான இரண்டு இதழ் உள்ள நங்கூரம் நன்றாகப் பிடிக்கும். குடை மாதிரி மடங்கும் நாலு கொக்கி நங்கூரம் சேற்றில் உழுதுகொண்டே போகும், ஆனால் மரக்கிளையில் மாட்டினால் வரவே வராது. இந்த ஆற்றின் அடியில் மூழ்கிய மரம் நிறைய. எந்த நங்கூரமானாலும் தலைப்பக்கத்து வளையத்தில் ஒரு மெல்லிய கயிறு கட்டி, மறுமுனையில் மூடிய எண்ணெய்ப் போத்தலை மிதவையாக விடுங்கள். மாட்டிக்கொண்டால் அந்தக் கயிற்றைப் பிடித்துப் பின்பக்கமாக இழுத்தால் கழன்றுவிடும். மிதவைக் கயிறு ஆழத்தைவிடச் சற்றே நீளமாக இருந்தால் போதும். ரொம்ப நீளம் விட்டால் அது உங்கள் விசிறிக்குள்ளேயே வரும்.

ஓட்டம் திசை மாறுவது அடுத்த சிக்கல். ஆறு மணி நேரம் கீழ்நோக்கி இழுத்த படகு, தண்ணீர் திரும்பியதும் அரைவட்டம் சுற்றி மேல்நோக்கி இழுக்கும். தட்டை நங்கூரம் அப்போது கவிழ்ந்து வெளியே வரும். சில நேரம் மறுபடி பதியும். சில நேரம் இதழ்களுக்கு நடுவில் ஒரு குச்சியோ நிப்பா என்ற சதுப்புநிலப் பனையின் மட்டையோ அடைத்துக்கொண்டு பதியாமல் இழுபடும். ஆகவே இரண்டு நங்கூரம்: ஒன்று ஆற்றின் மேல்பக்கம், ஒன்று கீழ்பக்கம், இரண்டின் கயிறும் படகின் முன்முனையில். முதல் நங்கூரத்தைப் போட்டு, கயிற்றை இரட்டிப்பாக விட்டுப் பின்னால் போய், இரண்டாவதைப் போட்டு, நடுவுக்கு இழுத்து வந்து கட்டுவது. படகு நின்ற இடத்திலேயே சுழலும். ஓட்டம் திரும்பும் நேரம் தெரியும் அல்லவா, அதற்குக் கால் மணி முன்னால் அலாரம் வைத்து எழுந்து உட்காருங்கள்.

பின்பக்கத்தில் நங்கூரக் கயிற்றைக் கட்டவே கூடாது. எஞ்சின் பக்கம் தாழ்வானது, ஓட்டத்தை எதிர்த்து நின்றால் தண்ணீர் அதன் வழியாக ஏறும். இறால் பிடிக்க வருகிறவர்கள் பின்னால் உட்கார்ந்து தூண்டில் போட வசதி என்று இதைச் செய்கிறார்கள். ஆளும் பனிப்பெட்டியும் எஞ்சினும் ஒரே பக்கம், கயிறும் அதே பக்கம்.

வெள்ளை விளக்கு ஒன்று, எல்லாத் திசைக்கும் தெரியும்படி, படகில் உயரமான இடத்தில். 7 மீட்டருக்குக் குறைந்த படகுக்கு விதியில் ஒரு சலுகை உண்டு, ஆனால் குறுகிய தடத்திலோ மற்றப் படகுகள் போகிற வழியிலோ நின்றால் அந்தச் சலுகை கிடையாது. இந்த ஆறு முழுக்கவே அப்படிப்பட்ட வழி. 2 வாட் எல்.இ.டி. விளக்கு பன்னிரண்டு மணி நேரத்துக்கு 2 ஆம்பியர் மணிதான் தின்னும், பேட்டரி தீருமே என்ற பயம் வேண்டாம். தலையில் மாட்டும் விளக்கைக் கம்பத்தில் தொங்கவிட்டால் ஒரு பக்கம்தான் தெரியும், மணல் படகுக்காரர் மறுபக்கத்திலிருந்து வருவார்.

வளைவின் வெளிப்பக்கம் ஆழம், உள்பக்கம் மணல். ஆழத்தைத் தேடி வெளிப்பக்கம் போனால் இடிகிற கரையும் சாய்ந்த மரமும் தலைக்கு மேலே. தெலுக் இந்தானே ஒரு பெரிய வளைவுக்குள் உட்கார்ந்த ஊர், கரை அரிப்பு இங்கே பழைய கவலை. நேரான ஓட்டத்தில், கரையிலிருந்து ஆற்று அகலத்தின் கால் பங்கு தள்ளி நிற்பது நல்லது.

செலவு: இல்லை. நங்கூரம் மாட்டி அறுத்துவிட்டால் மட்டும் சங்கிலியோடு சேர்த்து நூறு, நூற்றைம்பது வெள்ளிக்குக் குறையாது.

மூன்றாம் நாள்: பாகான் டத்தோ

உச்ச ஏற்றம் முடிந்து தண்ணீர் திரும்பியதும் கிளம்பினால் ஆறே கொண்டுபோய் விடும். எதிர்த்துப் போகிறவருக்குப் பெட்ரோல் கரையும். இந்த எஞ்சின் முழு வேகத்தில் மணிக்கு 5 முதல் 7 லிட்டர் குடிக்கும். போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, கையிருப்பு ஒரு பங்கு. கேனில் ரோன் 95 பெட்ரோல் வாங்க உள்நாட்டு வாணிப அமைச்சின் அனுமதி வேண்டும். பம்புக்குப் போய் வாக்குவாதம் செய்வதில் பயனில்லை, கிளம்பும் முன்பே கடிதம் வாங்கிவிடுங்கள்.

கீழே வர வர கரையில் நிப்பா, அப்புறம் தென்னை. தண்ணீர் உப்பாகிறது. அதை நாக்கில் வைத்துப் பார்க்கத் தேவையில்லை, ஜெட்டிக் கம்பமே சொல்லும்: தண்ணீர்க் கோட்டுக்குக் கீழே சிப்பி அப்பியிருக்கும். பிளேடு மாதிரிக் கூர். நைலான் கயிறு அதில் ஒரு ஏற்ற இறக்கம் உரசினாலே பாதி அறுந்துவிடும். முதல் நாள் சொன்ன ரப்பர் குழாய் இங்கே ஒரு சாண் போதாது, ஒரு மீட்டர். கம்பத்தைச் சுற்றும் பகுதிக்குச் சங்கிலித் துண்டு இருந்தால் இன்னும் நல்லது. படகுக்கும் கம்பத்துக்கும் நடுவே இரண்டு டயரைத் தொங்கவிட்டு, அவற்றுக்கு வெளியே ஒரு பலகையைக் குறுக்கே கட்டுங்கள். ஒற்றை டயர் கம்பத்திலிருந்து நழுவிவிடும், பலகை நழுவாது.

இங்கே மீன் படகுகள் வரிசையாக ஒன்றோடொன்று கட்டி நிற்கும். வெளிப்படகில் உங்கள் படகைக் கட்டிக்கொள் என்று சொன்னால் அது பெரிய தயவு, காசு கேட்காமலும் சொல்வார்கள். உட்படகு எத்தனை மணிக்குக் கடலுக்குப் போகிறது என்று உடனே கேட்டுவிடுங்கள். மூன்று மணிக்கு என்றால் மூன்று மணிக்கு நீங்களும் எழுந்து கயிறு அவிழ்த்தாக வேண்டும். அவர்களுடைய படகில் நடந்து கரைக்குப் போவதானால் முன்பக்கமாக நடங்கள். பின்பக்கம் அவர்கள் படுக்கிற இடம். செருப்பையும் கழற்றிவிடுங்கள்.

ஆற்றின் முகத்தில் பெத்திங் பெராஸ் பாசா என்ற மணல் திட்டு இருக்கிறது. பேராக் சுல்தான்களின் பழைய முடிசூட்டு மரபோடு சேர்ந்த இடம். பார்க்க ஆசை இருந்தால் பகலில், தண்ணீர் ஏறுகிற நேரத்தில் போய்வாருங்கள். இறங்குகிற தண்ணீரில் தரை தட்டினால் அடுத்த ஏற்றம் வரை அங்கேயே. ராத்திரி அந்தப் பக்கம் நங்கூரம் போட வேண்டாம்: கடல் காற்றும் இறங்கும் ஆறும் எதிரெதிராக முட்டும்போது எழும் அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் இருக்கும், 17 அடிப் படகு அதற்குத் தாங்காது.

கொசுவைவிட அகாஸ் என்ற கடிக்கிற பொடிப் பூச்சி மோசம். கொசுவலைக் கண்ணிக்குள் நுழைந்துவிடும். வேப்பெண்ணெயைத் தேங்காய் எண்ணெயில் கலந்து தடவுகிறார்கள், ஓரளவு கேட்கிறது. ராத்திரி ஜெட்டிப் படியில் இறங்கிப் பாத்திரம் கழுவாதீர்கள், காலையும் தொங்கப்போடாதீர்கள். இந்த ஆற்றில் முதலை உண்டு.

செலவு: தயவு. கரையில் இருவருக்கும் தே வாங்கிக் கொடுத்தது 6 வெள்ளி.

நான்காம் நாள்: ஊத்தான் மெலிந்தாங்

ஏற்றத்தோடு தெலுக் இந்தானுக்குத் திரும்பி, படகை டிரெய்லரில் ஏற்றி, சாலை வழியாக இங்கே. பெர்ணம் ஆறு, அக்கரை சிலாங்கூர். சுற்றிலும் செம்பனை. 1906-இல் டென்மார்க்குப் பொறியாளர் ஆகே வெஸ்டன்ஹோல்ஸ் ரப்பர் நட்டுத் தொடங்கிய ஜெண்டாராட்டா தோட்டம் இந்தப் பக்கம்தான், பழக்குலை இழுக்கும் சிறு ரயில் தடங்களுக்குப் பேர்போனது.

தோட்டம் சூழ்ந்த ஆற்றில் படகு கட்டுகிறவர் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும், அது வாட்டர் கேட். இந்தத் தாழ்நிலத் தோட்டங்கள் எல்லாம் கரைமேட்டுக்குப் பின்னால் இருக்கின்றன. ஏற்றத்தில் ஆற்றுத் தண்ணீர் தோட்டத்தின் கால்வாய்க்குள் வராமல் கதவு மூடிக்கொள்ளும். ஆறு இறங்கி, கால்வாயின் மட்டத்துக்குக் கீழே போனதும் கதவு திறந்து, தோட்டத்தின் மழைத்தண்ணீர் மொத்தமும் ஆற்றுக்குள் பாயும். தோட்டத்தில் பிறந்தவருக்கு இது பால்பாடம். பட்டணத்திலிருந்து வருகிறவர்கள் ஏற்றத்தின்போது வந்து பார்த்துவிட்டு, “அருமையான இடம், அமைதியாக, ஓட்டமே இல்லாமல் ஒரு வாய்க்கால்” என்று அதன் வாயிலேயே கட்டிவிடுகிறார்கள். கதவுக்கு முன்னால் இறாலும் கூடும், அதனால் ஆசை இரட்டிப்பு.

நடு ராத்திரி நடப்பது இது. ஆறு இறங்குகிறது. முதலில் கதவு இடுக்கில் சலசலப்பு. அரை மணியில் அது பலத்த ஓட்டமாகத் தள்ளிக்கொண்டு வரும், கூடவே காய்ந்த செம்பனை மட்டை, பாசி, பிளாஸ்டிக். மட்டையில் இருக்கும் முள் கயிற்றை அறுக்காது, ஆனால் கயிற்றில் குவியும். ஐந்தாறு மட்டை சேர்ந்தால் படகின் முன்னால் ஒரு தட்டி கட்டின மாதிரி, அத்தனை ஓட்டமும் அதில் முட்டும். நங்கூரம் இழுபடும். பக்கவாட்டில் கட்டியிருந்தால் படகு சாய்ந்து தண்ணீர் ஏறும். கதவுக்கு முன்னால் காலம் காலமாகச் சேர்ந்த சேற்றுத் திட்டு வேறு இருக்கும், இறக்கத்தில் படகு அதன்மேல் உட்காரும். தோட்டத்தில் பகலெல்லாம் மழை பெய்திருந்தால் ஓட்டம் இரண்டு மடங்கு.

வாட்டர் கேட்டிலிருந்து குறைந்தது 50 மீட்டர் தள்ளி, ஆற்றின் மேல்பக்கமாக நில்லுங்கள். கீழ்பக்கம் நின்றால் குப்பை முழுக்க உங்களிடம் வரும். கதவு எங்கே இருக்கிறது என்று இருட்டில் தெரியாவிட்டால் கரைமேட்டில் கான்கிரீட் தூணும் சுழற்றும் சக்கரமும் தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். தோட்டத்துப் படித்துறையில் கேட்காமல் கட்டக் கூடாது. கேட்கலாம், காவல்காரர் பெரும்பாலும் நம்மவராகவோ நேப்பாளியாகவோ இருப்பார். சரி என்றாலும் கரைமேட்டில் ஏறித் தோட்டத்துக்குள் நடக்க வேண்டாம். அது மாண்டோர் (கங்காணி) அனுமதியில் முடியும் சமாச்சாரம் இல்லை, பழத்திருட்டுக்குப் பயந்து நிர்வாகமே கண்டிப்பாக இருக்கும்.

ஊரில் மீன் படகு ஜெட்டிகள் நிறைய, தௌக்கேமார் பேசக்கூடியவர்கள். ஒரே தொல்லை அதிகாலைப் படகுகள் கிளப்பும் அலை. வெளிப்பக்கம் இன்னொரு டயர் கட்டுங்கள், உள்ளே அடுப்பு, தண்ணீர்ப் போத்தல் எல்லாவற்றையும் தரையில் வைத்துவிடுங்கள்.

செலவு: சரிவு 10, ராத்திரி 20. இங்கே விளக்கும் தண்ணீர்க் குழாயும் இருந்தன, 20 நியாயம்.

ஐந்தாம் நாள்: விடியற்காலை

ஏப்ரல் முதல் நவம்பர் வரை மலாக்கா நீரிணையைத் தாண்டி வரும் சுமத்ராக் காற்று விடியலுக்குக் கொஞ்சம் முன்னால்தான் வழக்கமாக அடிக்கும். மணிக்கு 40, 50 கடல் மைல் வரை வீசும், ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். மேற்கே அடிவானத்தில் மின்னல் வரிசையாகத் தெரிந்து, காற்று பட்டென்று நின்று, சில்லென்று ஆனால் பத்து நிமிடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பத்து நிமிடத்தில் செய்ய வேண்டியது: கூரைத் துணியை அவிழ்த்துச் சுருட்டுவது, ஏனென்றால் அது பாயாகி நங்கூரத்தைப் பிடுங்கும். கயிற்றை இன்னும் பத்து மீட்டர் விடுவது. உயிர்காப்பு ஜாக்கெட்டை மாட்டுவது. எஞ்சினை இறக்கி ஓடவிட்டுத் தயாராக வைப்பது. தூண்டில் கம்புகளைப் படுக்கப் போடுவது, மின்னல்.

ஜெட்டியில் விட்டுவிட்டுக் கரையில் படுக்கப் போகிறவர்கள் மழைக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 17 அடித் திறந்த படகுக்குச் சுமார் 8 சதுர மீட்டர் பரப்பு. 50 மில்லிமீட்டர் மழை இங்கே ஒரு ராத்திரிக்குப் பெரிய அதிசயம் இல்லை. 400 லிட்டர் தண்ணீர், 400 கிலோ. எஞ்சின் இருக்கும் பின்பக்கம் அத்தனையும் சேரும். தானாக இயங்கும் மிதவை விசையோடு ஒரு சிறிய பம்பும் 12 வோல்ட் பேட்டரியும் வைத்தால் அந்தக் கவலை இல்லை. பம்பின் வாயில் செம்பனைத் தூசியும் மீன் செதிலும் அடைக்கும், அதனால் அதற்கு ஒரு கம்பிவலை. பம்பு வாங்க மனமில்லாதவர் கூரைத் துணியை நடுவில் உயர்த்தி, தண்ணீர் வெளியே வழியும்படி இறுக்கிக் கட்டட்டும். தொய்வாகக் கட்டிய துணி குளமாகிக் கிழிந்து, மொத்தத்தையும் ஒரே நேரத்தில் உள்ளே கொட்டும்.

மழை விட்ட பிறகு உடனே கிளம்பாதீர்கள். மேலேயிருந்து மரமும் மிதக்கும் நீர்ச்செடிக் கூட்டமும் இறங்கும், மங்கிய வெளிச்சத்தில் பாதி மூழ்கிய கட்டை தெரியாது. கம்போங் காஜாவுக்கு மேலே தங்குகிறவர்களுக்கு இன்னொன்று: அங்கே கடல் ஏற்றத்தைவிட மேலே உள்ள அணைகள் திறந்துவிடும் தண்ணீர்தான் பெரிது. செண்டரோ அணை 1930-லிருந்து இருக்கிறது. மழையே பெய்யாத ராத்திரியிலும் ஆறு உயரும். மணல் திட்டில் கூடாரம் அடித்து, படகைக் குச்சியில் கட்டிவைப்பது அங்கே வேண்டாம்.

படகை மேலே ஏற்றியதும் சரிவிலேயே படகின் வடிகால் ஓட்டை அடைப்பானைக் கழற்றித் தண்ணீரை வடியவிடுங்கள். பாகான் டத்தோவின் உப்புத் தண்ணீர் எஞ்சினுக்குள் இருக்கிறது, வீடு போகும் வரை காத்திருக்காமல் ஜெட்டிக் குழாயில் பத்து நிமிடம் நல்ல தண்ணீர் ஓடவிட வேண்டும். குழாய்க்கு 3 வெள்ளி கேட்டார்கள். அடைப்பானைச் சட்டைப் பையில் போடாமல் எஞ்சின் சாவியோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள், அடுத்த முறை அது இல்லாமல் படகைத் தண்ணீரில் இறக்க முடியாது.